மலைக்காக இரண்டு இஞ்ச்

பிடரிக்குக் கீழே, முதுகெலும்பு தொடங்கும் இடத்தில், இஞ்ச் டேப்பின் தகரமுனை சில்லென்று வந்து படும். பட்டதும் என் முட்டிகள் தாமாகவே மடியும், மூச்சு வெளியே போகும், தோள் இரண்டும் முன்னால் சரியும். பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்குக் கரும்பலகையோ மணியோசையோ நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தகரமுனைதான் வருகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை தானாகப் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.

போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. ஒடுகத்தூரில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், காக்கியில் போய் நிற்க முடியாது என்று கைப்பேசியில் தேடித் தேடி ஆர்டர் போட்ட குர்தா அது. நான் வனத்துறையில் காப்பாளர், உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். முதலில் வந்த குர்தாவில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம், ஆனால் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு அதற்கும் பெரிய அளவு வாங்கினேன். அதில் மூன்று பேர் நுழையலாம், கை அதே இடத்தில்தான் நின்றது. பெண் என்றால் பக்கவாட்டில்தான் பெரிதாவாள், மேலே போகமாட்டாள் என்று இந்தத் துணி வியாபாரிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஜமுனாமரத்தூர் கடையில் போய்க் கேட்டால், விற்கிற பெண் என்னைக் கால் முதல் தலை வரைக்கும் பார்த்து, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, ஜென்ட்ஸ் மாடியில கீதுக்கா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். கூடவே வந்திருந்த தோழி கோபப்பட்டாள், எனக்குக் கோபம் வரவில்லை. துணி பத்தாததற்கெல்லாம் அழுது முடித்தவள் நான். அந்த அழுகையை நிறுத்தியவர் ஒருவர் இருக்கிறார், அவரை நாங்கள் அளவு அக்கா என்று கூப்பிடுவோம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில், அளவு அக்கா மலை ஏறி வருவார். இலவசச் சீருடைக்கு அளவெடுக்க, கீழே ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் தையல் சங்கத்திலிருந்து அனுப்புவார்கள். குள்ளமான உருவம், அகலமான பொட்டு, கழுத்தில் மாலையாக இஞ்ச் டேப். மலைப்பாதை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்தபடியேதான் பஸ்ஸைவிட்டு இறங்குவார். எங்கள் ஊர் பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நடந்து வந்து சேர்ந்ததும் வேப்பமரத்தடியில் சிறிது நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்தாரென்றால் மதியத்துக்குள் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளையும் அளந்து முடித்துவிடுவார். அப்படி ஒரு வேகமான கையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த நாளுக்கு எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. அதை வழக்கம் என்று சொல்வதா மோசடி என்று சொல்வதா என்று எனக்குத் தெரியாது. தாய்மார்கள் விடியற்காலையிலேயே பிள்ளைகளைத் தயார்செய்வார்கள். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி அதன்மேல் சட்டையைப் போட்டுவிடுவார்கள். சிலருக்கு இரண்டு சட்டை, குளிர் என்று சொல்லி ஸ்வெட்டர். "டேப்பு மேல பட்டதும் மூச்ச புடிச்சிக்க, நெஞ்ச உப்பிக்க, குதிகால தூக்கிக்க" என்று வழியெல்லாம் பாடம் நடக்கும். பெரிய அளவாக எழுதிக்கொண்டால் துணி பெரிதாக வரும், பெரிதாக வந்தால் அடுத்த வருஷமும் போடலாம், தம்பிக்கும் ஆகும். ஒல்லிக்குச்சியாக இருக்கும் பிள்ளைகள் அன்று மட்டும் பலாப்பழம் போல வரிசையில் நிற்கும். பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அளவு அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா? அவரும் பிள்ளை பெற்றவர்தானே. ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டார். டேப்பில் முப்பது என்று காட்டினால் "இருவத்தெட்டு" என்று சொல்வார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கீழே ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கழிப்பது ஒரு இஞ்ச்தானாம். மலைப் பிள்ளைகளுக்கு இரண்டு. நாங்கள் இரண்டு இஞ்ச் ஏமாற்றுவோம், அவர் இரண்டு இஞ்ச் கழிப்பார், துணி கச்சிதமாக வந்து சேரும். தாய்மார்கள் தங்கள் சாமர்த்தியம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வருஷம் துண்டை இன்னும் ஒரு சுற்று சுற்றுவார்கள். யாருக்கும் யார்மீதும் வருத்தமில்லை.

எல்லாருக்கும் கச்சிதமாக வந்த துணி எனக்கு மட்டும் வரவில்லை. காரணம் நான்தான், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பில் நான் எங்கள் வகுப்பு டீச்சரைவிட உயரம். பையன்கள் என்னை லைட் கம்பம் என்பார்கள். பையன்களாவது பரவாயில்லை, வாயை அடைக்க எனக்கும் வாய் உண்டு. வீட்டில் அம்மா என்னைப் பார்க்கிற பார்வைதான் தாங்காது. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி இவ்ளோ ஒயரம்? கொஞ்சம் குனிஞ்சி நட" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லுவாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, பயத்தில் சொன்னாள். இவளுக்கு ஈடாக ஒரு மாப்பிள்ளையை எந்த மலையில் தேடுவது என்று பன்னிரண்டு வயதிலேயே கவலைப்பட்டவள். மற்ற தாய்மார்கள் துண்டு கட்டி அனுப்பிய நாளில், என் அம்மா மட்டும் ஒன்றும் செய்யாமல் சாமைக் காட்டுக்குப் போய்விடுவாள். என் அளவு இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அவள் ஏன் ஆசைப்படப்போகிறாள்?

ஆகவே நான் தலைகீழாக ஏமாற்றினேன். அன்று மட்டும் சீருடை நனைந்துவிட்டது என்று பொய் சொல்லி நீளப் பாவாடை கட்டிக்கொண்டு போவேன். பாவாடைக்குள் முட்டி மடிவது வெளியே தெரியாது. கடைசி ஆளாக நிற்பேன். டேப் பிடரியைத் தொட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொள்வேன். என் அளவை அக்கா உரக்கச் சொல்லும்போது வகுப்பே திரும்பிப் பார்க்குமே, அந்த எண் எவ்வளவு சிறிதாக இருக்குமோ அவ்வளவு நல்லது என்பதுதான் என் எண்ணம். நான் நாலு இஞ்ச் ஒளித்துவைப்பேன். அக்கா வழக்கப்படி அதிலிருந்தும் இரண்டு கழிப்பார். ஆகஸ்டில் தைத்த துணி மூட்டையாக வந்து இறங்கினால் எனக்கு வரும் சுடிதார், தங்கச்சிக்குத் தைத்ததை அக்கா போட்டுக்கொண்டது போல் இருக்கும். பேன்ட் கணுக்காலுக்கு ஆறு இஞ்ச் மேலே நிற்கும், கையைத் தூக்கினால் அக்குள் தையல் முனகும். "மாசத்துக்கு ஒரு இஞ்ச் வளர்றாளே, தெச்சவங்க இன்னா பண்ணுவாங்க" என்று அம்மா பெருமூச்சு விடுவாள். நானும் ஆமாம் ஆமாம் என்பேன். கூனிக் குறுகியதால் துணி குட்டையாகிறது, துணி குட்டையாவதால் இன்னும் கூனிக் குறுகுகிறேன். இந்தச் சுற்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம் புதுத் தலைமையாசிரியர் வந்தார். பெரிய சார் என்போம். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, உண்மை என்றால் உயிர். அழிரப்பரைத் திருடியவன் தானாக வந்து ஒப்புக்கொண்டால் அவனைக் கைதட்டிப் பாராட்டுகிறவர். துண்டு விவகாரம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அளவு நாளுக்கு முந்தின தினம் காலை வழிபாட்டில் அரைமணி நேரம் பேசினார். "அரசாங்கம் உங்களுக்குத் துணி கொடுக்கிறது. நீங்கள் அதற்கு உண்மையான உடம்பைக் கொடுங்கள்" என்று முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எங்களுக்கும் கலங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சத்தம் போட்டே அழுதது. மறுநாள் பள்ளியில் ஒரு துண்டு இல்லை, ஒரு ஸ்வெட்டர் இல்லை. தாய்மார்கள் கட்டி அனுப்பிய துண்டுகளையெல்லாம் பிள்ளைகள் வழியிலேயே அவிழ்த்துப் புளியமரக் கிளையில் மாட்டிவிட்டு வந்திருந்தார்கள். மூச்சை இயல்பாக விட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, உண்மையே உருவாக நின்றார்கள்.

பெரிய சார் பெருமிதத்தோடு, "அம்மா, இந்த வருஷம் ஒரு பிள்ளையும் ஏமாற்றாது" என்று அளவு அக்காவிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். ஆனால் எத்தனை தலைமையாசிரியர்கள் இதையே சொல்லிக் கேட்டவர் அவர்! பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தார். துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் கெட்டிக்காரத்தனம் கூடிவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு அளக்கத் தொடங்கினார். டேப்பில் இருபத்தெட்டு இருந்தால் "இருவத்தாறு" என்றார். பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெரிய சார், இருபத்தாறு என்று அச்சடித்தது போன்ற தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். கடைசியாக நான் போனேன், பாவாடையோடு. அவ்வளவு உருக்கமான பேச்சைக் கேட்ட பிறகும் முட்டியை மடித்தேன். அந்தப் பள்ளியில் அன்று பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

ஆகஸ்டில் மூட்டை வந்தது. அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு ஜமுனாமரத்தூர் மைதானத்தில் எங்கள் பள்ளியும் அணிவகுத்துப் போவதென்று பெரிய சார் ஏற்பாடு செய்திருந்தார். முதல்முறையாகப் போகிறோம். பள்ளிப் பெயர் எழுதிய பலகையை உயரமான பிள்ளை பிடித்து முன்னால் நடக்க வேண்டும் என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.  இந்த வருஷமும் அரைப் பேன்ட்டாகத்தான் வரப்போகிற சுடிதாரோடு கடைத்தெரு ஜனம் முழுக்கப் பார்க்க முன்னால் நடப்பதா? அன்று மாலை வீட்டுக்குப் போய், இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம், காட்டு வேலைக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முறத்தில் சாமையைப் புடைத்தபடியே, "சுதந்திர தினம் கழியட்டும், நின்னுக்க" என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்துபோனதில் எனக்கு அழுகை வந்தது. சுதந்திர தினத்தோடு என் படிப்பு முடிந்தது என்றே எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை மூட்டையைப் பிரித்ததும் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைக்குள் தலையை நுழைத்துவிட்டு வெளியே வர முடியாமல் வராந்தாவைச் சுற்றி ஓடினான். மூன்றாம் வகுப்பு முழுக்கக் கைகளைத் தூக்கியபடியே நின்றது, கீழே இறக்க முடியவில்லை. எப்படியோ மாட்டிக்கொண்டவர்களை வரிசையில் நிறுத்திப் பெரிய சார் உறுதிமொழி சொல்லச் சொன்னார். "இந்தியா எனது நாடு" என்று எல்லாரும் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தபோது எங்கெங்கோ பொத்தான்கள் தெறித்தன. ஒன்று பெரிய சாரின் கண்ணாடியில் போய்ப் பட்டது. அவர் அளவு நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்து. முகம் வெளுத்துப்போய் அங்கேயே நின்று அளவு அக்காவுக்குப் போன் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் துணியில் சுற்றிய தையல் கைமிஷின். அதைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி நடந்தார் என்று தெரியவில்லை. அன்று வேப்பமரத்தடியில் உட்காரக்கூட இல்லை. ஒரு சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். "கழிச்சத நான் வூட்டுக்கா எடுத்துக்கினு போனேன்? இந்தா பாருங்க சார், உள்ளதான் கீது" என்றார். பார்த்தால், தையலுக்கு உள்ளே இருபுறமும் துணி மடிந்து கிடக்கிறது! வளர்கிற பிள்ளைகளின் துணியை ஒட்ட வெட்ட எனக்கு மனசு வராது, எத்தனை வருஷமாக உள்ளே மடித்தே தைக்கிறேன், இந்த மலையில் ஒருத்தரும் திருப்பிப் பார்க்கவில்லையே என்று சிரித்தார். பெரிய சாருக்கு உயிர் திரும்பியது.

அதன்பிறகு எங்கள் பள்ளிக்கூடம் திருவிழாவாகிவிட்டது. பெரிய பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பிளேடால் தையல் பிரித்தோம். சின்னப் பிள்ளைகள் நூல் பொறுக்கினார்கள். செய்தி பரவித் தாய்மார்களும் வந்துவிட்டார்கள். துண்டை மரத்தில் மாட்டிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குட்டு விழுந்தது. யாரோ சாமைச் சோறும் புளிக்குழம்பும் அண்டாவில் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய சார் கைமிஷினைச் சுற்றினார், அக்கா துணியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார். தடதடவென்று மிஷின் ஓட, ஒவ்வொரு பிள்ளையாகப் போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கிக் காட்டும்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது. எல்லாருக்கும் பிசகு சரியாக இரண்டு இஞ்ச். பிரித்துவிட்டால் சரியாகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் என் முறை வந்தது. என்னுடையதையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். நான் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். பேன்ட் கணுக்காலுக்கு நாலு இஞ்ச் மேலே, கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. அக்கா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. மிஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு இஞ்ச் நான் தெரிஞ்சி பண்ணது சார். இது எப்பிடி வந்துச்சின்னு எனக்குத் தெரியல. இன்னும் நாலு இஞ்ச்! கண்ணு போய்ட்ச்சி போலகீது. அளக்கற கை பொய் சொன்னா அப்புறம் நான் இன்னாத்துக்கு? வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன். இனிமே நான் மல ஏற மாட்டேன்" என்றார். கழுத்திலிருந்த டேப்பை உருவிச் சுற்ற ஆரம்பித்தார். பெரிய சார் ஏதேதோ சமாதானம் சொன்னார், அவர் காதில் விழவில்லை. இரண்டு கண்ணையும் முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாலு நாளில் சுதந்திர தினம், அதற்குப் பிறகு நான் பள்ளிக்கே வரப்போவதில்லை. அக்காவும் வரமாட்டார். என் ரகசியம் என்னோடு போய்விடும். ஆனால் மலை ஏறும் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்து, எங்களுக்காக உள்ளே மடித்து மடித்துத் தைத்த கை அது. அந்தக் கை பொய் சொல்லவில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.  ஆகவே நிமிர்ந்தேன். முதலில் முட்டியை நேராக்கினேன். முதுகை நிமிர்த்தினேன். தோள் இரண்டையும் பின்னால் தள்ளினேன், கழுத்தைத் தூக்கினேன். அப்படி நின்று எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியாது, முதுகில் எங்கோ சொடுக்குச் சத்தம் கேட்டது. மேலே போகப் போகக் கூட்டம் அமைதியாகிக்கொண்டே வந்தது. சுடிதார் இன்னும் மேலே ஏறி ஆடுசதை முழுக்கத் தெரிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், ஆனால் குனியவில்லை.

அளவு அக்கா தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. "அடிப்பாவி!" என்றார். "இத்தன ஒயரத்தையும் எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கூட்டமே சேர்ந்து சிரித்தது, அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. அக்கா எழுந்து பக்கத்தில் வந்தார். டேப் என் பிடரிக்கு எட்டவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். "கூனாத, மூச்சு வுடு, ஆங், அப்பிடியே நில்லு" என்று அளந்தார். பெரிய சார் பேனாவோடு தயாராக இருந்தார். அன்று முழுக்கப் பட்ட பாட்டில் பாவம் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. "அம்மா, இது கழிச்ச அளவா, கழிக்காத அளவா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார்.

"கழிக்காம எழுதுங்க சார்" என்றேன்.

பிரிக்க உள்ளே இனித் துணியில்லை. திருவண்ணாமலைக்கு மாற்றலாகிப் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு வந்த சீருடை மூட்டையில் மிச்சமிருந்தது. அக்கா அதில் சுடிதாருக்கு மேலே போடும் ஓவர்கோட்டை வெட்டி, என் பேன்ட்டுக்குக் கீழேயும் கையோரங்களிலும் அடர்நீலப் பட்டையாக வைத்துத் தைத்தார். ஒட்டுப்போட்ட மாதிரியே தெரியவில்லை, அப்படித்தான் தைக்க வேண்டும் என்று யோசித்துத் தைத்ததுபோல் இருந்தது. சுதந்திர தினத்தன்று பலகையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அம்மா சந்தைக்கு மூட்டை சுமந்து வந்தவர்களோடு கடைத்தெரு ஓரத்தில் நின்றிருந்தாள். கண்டிப்பாகக் குனியச் சொல்லிச் சைகை காட்டுவாள் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தேன். என் பின்னால் நூறு பிள்ளைகள் தாராளமாக மூச்சுவிட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் ஆறாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், எங்களுக்கும் பட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். காட்டு வேலைக்கு நான் போகவில்லை. அம்மாவும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, மறந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது அந்தக் குர்தா பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாலரை மீட்டர் துணி எடுத்துக்கொண்டு ஒடுகத்தூருக்கு அக்கா வீட்டுக்குத்தான் போகப்போகிறேன். போனில் சொன்னதும், "பெஞ்சு வூட்ல இல்லியே, ஸ்டூல் போதுமா?" என்று கேட்டார். மோட்டார் வைத்த மிஷின் வாங்கிவிட்டாராம், நாலு பேருக்குத் தையல் வேலை கொடுக்கிறாராம். பேச்சோடு பேச்சாக, அந்தக் கூத்துக்கு அடுத்த வருஷத்தை நினைவிருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். மறக்க முடியுமா? பெரிய சாருக்கு அந்தக் கோடையிலேயே மாற்றல் வந்துவிட்டது. அக்கா பட்ட பாட்டில், இனிமேல் எந்தப் பள்ளியிலும் ஒரு இஞ்ச்கூடக் கழிப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தாய்மார்களோ, உண்மை பேசிப் பட்டது போதும் என்று, துண்டோடு போர்வையையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த வருஷம் பள்ளி முழுக்கத் தொளதொளவென்று காற்றில் பறந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்கள் ஊரில் யாருக்கும் துணிப் பஞ்சமில்லை.

போர்வை கட்டி அனுப்பிய அந்த அளவு நாளன்று நான் கடைசியில் நிற்கவில்லை, வரிசையின் நடுவில் நின்றேன். பாவாடையும் கட்டவில்லை. அக்கா டேப்பை விரிக்கும்போது வாசலில் சலசலப்பு கேட்டது. சாமைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள் அம்மா, காலெல்லாம் மண். அதுவரை அளவு நாளுக்குப் பள்ளிப் பக்கமே வராதவள். யாரையும் பார்க்காமல் என்னிடம் வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அளவெடுக்கிறவர் கண்ணெதிரிலேயே, அதை என் இடுப்பில் ஒரு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இவளுக்கும் சேத்தே எழுதும்மா" என்றாள் அக்காவிடம். "எம் பொண்ணு இன்னும் வளருவா."